தபாலில் போடாத அழைப்பிதழ்

அன்புள்ள கதிர்,

இதை உட்கார்ந்து படி. எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெம்பனிஸ் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்காதே. ஒரே வீட்டில், அடுத்த அறையில் படுத்திருக்கும் மகனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை நீ காதில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாய். இரண்டாம் தடவை உன் புது வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறவர் போன் செய்துவிட்டார். மூன்றாம் தடவை நீ சும்மாதான் இருந்தாய், என் முகத்தைப் பார்த்து "என்னம்மா?" என்றுகூடக் கேட்டாய். நான்தான் "கோப்பி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் மகனுக்குப் பயப்படுவேன் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தைப் பென்சிலில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே, காரணம் போகப்போகப் புரியும்.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் உனக்கும் நிவேதாவுக்கும் நடக்கப்போகிற கல்யாணத்தின் அழைப்பிதழ்களைப் பரப்பி வைத்து நீயும் நானும் அவளும் பெயர் எழுதிக்கொண்டிருந்தோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். அப்பா இல்லாததால், மணமேடையில் உன் பக்கம் நின்று சடங்குகளைச் செய்ய உட்லண்ட்ஸ் மாமாவும் மாமியும் வரட்டும் என்று நீயே முடிவு செய்து சொன்னாய். என் அண்ணன் நல்ல மனுஷன்தான். ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுவார், அது வேறு விஷயம். ஆனால் அந்த இடம் அவருடையது இல்லை. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி ஈசூனில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். நிவேதாவும் அதைத்தான் மெல்லக் கேட்டாள். நீ தலை நிமிராமல், "ஈசூன் வீட்டுக்கு கார்டை போஸ்ட்ல அனுப்பிடுங்கம்மா, போதும்" என்றாய். சொந்தச் சித்தப்பாவுக்குத் தபாலில் அழைப்பிதழ் போனால், வராதே என்று அர்த்தம். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் "சரிப்பா" என்றேன். அந்த அழைப்பிதழை நான் அனுப்பவில்லை. இன்றுவரை அது என் கைப்பையில்தான் கிடந்தது.

இப்போது என் மண் தோண்டுகிற வேலைக்கு வருகிறேன். அதைப் பற்றி நீ ஒருநாளும் உருப்படியாகக் கேட்கவில்லை, "அம்மா புதையல் கிடைச்சுதா?" என்று கிண்டல் செய்ததோடு சரி. ஆற்றோரம் பழைய கட்டடம் ஒன்றின் பின்புறம், அகழாய்வுக்குத் தொண்டூழியர்கள் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். நிவேதாதான் அவள் பெயரோடு என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். "வேலையை விட்டதுலேர்ந்து நீங்க வீட்டுத் தரையையே தேய்ச்சுக்கிட்டிருக்கீங்க அத்தை, இன்னும் கொஞ்ச நாள்ல கீழ் வீடு தெரியும்" என்றாள். பள்ளி விடுமுறை முடிந்ததும் அவள் பாடம் எடுக்கப் போய்விட்டாள். நான் மட்டும் வாரத்துக்கு மூன்று காலை, தேக்காவில் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அங்கே எனக்கு ஒரு சதுர மீட்டர் நிலம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு மூலையிலும் ஆணி அடித்து நூல் கட்டியிருக்கும். கொத்தனார் வைத்திருப்பதைவிடச் சின்னதாக ஒரு கரண்டி. அதை வைத்துத் தோண்டக்கூடாது, மண்ணைச் சுரண்ட வேண்டும். தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டுவோமே, அந்த மாதிரி. சுரண்டிய மண் வாளிக்குப் போகும், வாளி சல்லடைக்குப் போகும். சல்லடையில் நிற்பதெல்லாம் உடைசல்தான். நீலக்கோடு போட்ட பீங்கான் சில்லு, பச்சை மெருகு பூசிய சட்டி ஓடு, எலும்புத் துண்டு, ஆணி. முழுசாக ஒரு கிண்ணம்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் வாரம் எனக்கு வெறுத்துவிட்டது, இதெல்லாம் குப்பைதானே என்று கேட்டேன். "குப்பைதான் ஆன்ட்டி, குப்பைதான் எங்களுக்கு வேணும்" என்றாள் ஷாலினி. எங்கள் குழிக்கு அவள்தான் பொறுப்பு. உன்னைவிட நாலைந்து வயது சின்னவள், தலையில் பெரிய தொப்பி, முழங்காலில் எந்நேரமும் மண். யாரோ பிடித்து வைத்துப் பாதுகாத்ததைவிட, வேண்டாம் என்று வீசியதில்தான் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியுமாம்.

இருபத்தெட்டு வருஷம் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து, செய்யவைத்து வந்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். என் வேலையே முந்தின விருந்தாளி அந்த அறையில் இருந்த சுவடே தெரியாமல் செய்வதுதான். குளியலறைத் தரையில் ஒரு தலைமுடி கிடந்தாலும் நான் விடமாட்டேன், என் கீழ் வேலை பார்த்த பிள்ளைகள் நான் வரும் சத்தம் கேட்டாலே நடுங்குவார்கள். வீட்டிலும் அப்படித்தானே இருந்தேன். நீயும் அப்பாவும் "இன்ஸ்பெக்‌ஷன் வருது" என்று சொல்லி, சிதறிக் கிடந்ததையெல்லாம் சோபாவுக்கு அடியில் தள்ளுவீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவது வாரம் அங்கே ஒரு தப்புச் செய்தேன். சில்லுகளைக் கழுவும் மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டும் ஒரே சேறு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்னக் காகிதத் துண்டு நனைந்து கிடந்தது. ஷாலினி கழுவச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனாள். எனக்குக் கை ஊறியது. எல்லாவற்றையும் பளபளவென்று கழுவி, நீலத்தை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும், துண்டும் படுக்கைவிரிப்பும் அடுக்குகிற மாதிரி அடுக்கிவிட்டேன். அந்த இரண்டு அழுக்குக் காகிதத்தையும் கசக்கிக் குப்பை வாளியில் போட்டு, வாளியைக் கொண்டுபோய்ப் பெரிய தொட்டியிலும் கொட்டிவிட்டேன். அதற்குள் குப்பை லாரி வந்து தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போனது.

ஷாலினி திரும்பி வந்து பார்த்தாள். முகம் அப்படியே வெளிறிவிட்டது. அந்தக் காகிதத்தில்தான் எந்தச் சதுரம், எந்த மண் அடுக்கு என்று எழுதியிருந்ததாம். மேல் அடுக்கில் கிடைத்ததும் அடி அடுக்கில் கிடைத்ததும் ஒன்றாகக் கலந்துபோயின. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அந்தச் சில்லு எந்தக் காலத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. "யார் ஆன்ட்டி லேபிள எடுத்தது?" என்று கேட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கழுவுகிறவர் அங்கிள் லிம், டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்போதுதான் கழிவறைக்குப் போயிருந்தார். என் வாய் என்னைக் கேட்காமலே "அந்த அங்கிள்" என்று ஆரம்பித்தது.

அந்த இரண்டு சொல்லோடு நின்றுவிட்டேன். ஏனென்றால் இதே மாதிரி ஒரு வாக்கியத்தை நான் முன்பே ஒரு தடவை முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறேன், உன்னிடம். ஷாலினியிடம் "இல்ல, நான்தான்மா தூக்கிப் போட்டேன்" என்றேன். அவள் திட்டவில்லை. குறிப்பேட்டையும் பென்சிலையும் என் முன் வைத்து, நடந்ததை எழுதச் சொன்னாள். மழைத்துளி பட்டால் மை கரைந்துவிடும் என்று அங்கே எல்லாம் பென்சில்தான். நான் "லேபிள்கள் தொலைந்துவிட்டன" என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, "தொலைஞ்சுச்சா ஆன்ட்டி?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ரப்பர் கேட்டேன்.

"ரப்பர் கூடாது ஆன்ட்டி. ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி உங்க பேர போடுங்க."

"தப்பா எழுதினது எதுக்கும்மா தெரியணும்?"

"தெரியணும் லா. மொதல்ல என்ன எழுதினோம், யாரு திருத்தினாங்க, ரெண்டும் தெரிஞ்சாத்தான் பின்னால வர்றவங்க நம்மள நம்புவாங்க."

அந்தச் சில்லுகளை என்ன செய்யப்போகிறாய், தூக்கிப் போட்டுவிடுவாயா என்று கேட்டேன். அவள் தனிப் பையில் போட்டு, கழுவும்போது கலந்துவிட்டது என்று எழுதி, மற்ற பைகளோடுதான் வைத்தாள். காலம் தெரியாவிட்டாலும் என்ன வகைப் பீங்கான், எங்கே செய்தது என்று அவற்றிலிருந்து இன்னும் தெரிந்துகொள்ளலாமாம். கழிவறையிலிருந்து வந்த அங்கிள் லிம் எதுவும் தெரியாமல் எனக்குச் சாப்பிட ஒரு கறிபஃப் கொடுத்தார். அதை வாங்கவே எனக்குக் கை கூசியது.

கதிர், இப்போது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டது உன் சித்தப்பா இல்லை. நான்தான்.

பதினொரு வருஷம் முன்பு, நீ நேஷனல் சர்வீஸில், ராணுவ முகாமில் இருந்தபோது, அப்பா வேலைக்குக் கிளம்பிக் காலணி மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மண்டாய் தகனச் சாலையில் எல்லாம் முடிந்து, லீவு முடிந்து நீ முகாமுக்குத் திரும்பிப் போனாய். அடுத்த நாள் நான் எங்கள் அறைக் கதவைத் திறந்தேன். அவர் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது, அவர் வாசனை அதில் அப்படியே இருந்தது. எனக்கு அழத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஆள் போய்விட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். படுக்கைவிரிப்பை உருவினேன். சட்டைகள், செருப்பு, சவரப் பெட்டி எல்லாவற்றையும் பைகளில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு அந்தச் சதுர பிஸ்கட் டின். அதில் அவர் பதிவு செய்த கேசட்டுகள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. அவர் குரல் இந்த வீட்டுக்குள் ஒரு டின்னில் இருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக் குப்பைக் குழாயைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன்.

பாதி போட்டிருப்பேன், சித்தப்பா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார். டின்னைப் பார்த்தார். "அண்ணி, அவசரப்படாதீங்க. கதிர் வரட்டும், அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றார். "என் வீட்டுல என்ன வெக்கணும்னு எனக்குத் தெரியும் தம்பி" என்று அவரிடம் சுள்ளென்று விழுந்தேன். அவர் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகு மீதிப் பாதியையும் போட்டேன். பத்து மாடிக்கும் அது இடித்துக்கொண்டே இறங்குகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ சீருடையோடு வந்து அந்த அறை வாசலில் நின்றாய். "அப்பாவோட டேப்பெல்லாம் எங்கம்மா?" என்றாய். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா போய் ஒரு வாரம் ஆகவில்லை, நீயும் என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். "சித்தப்பாதான் வந்து எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டாரு" என்றேன். நீ தாழ்வாரத்துக்குப் போய் அவருக்குப் போன் செய்து கத்தினாய், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று உனக்குத் தெரியும். "மன்னிச்சிடுப்பா, தெரியாம செஞ்சிட்டேன்" என்றார். பிறகு எனக்கு அழைத்து அவர் சொன்னது உனக்குத் தெரியாது. "அவன்கிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியல அண்ணி. நான்தான்னு ஒத்துக்கிட்டேன். அவனுக்கு இப்ப அம்மா வேணும். எம்பேர்ல இருக்கட்டும்" என்றார். பதினாறாம் நாள் நீ அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு ஈசூன் பக்கம் போகவும் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். தள்ளித் தள்ளியே பதினொரு வருஷம் ஓடிவிட்டது. தீபாவளிக்கு தீபாவளி அவர் எனக்குப் போன் செய்வார், "பிள்ள நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

குழியில் உட்கார்ந்து சுரண்டும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து மனுஷன் வீசியது மண்ணுக்குள் இருக்கிறது, யாரோ ஒருத்தி பஸ் பிடித்து வந்து எடுக்கிறாள். நம் குப்பையை எரித்துவிடுகிறார்கள். எத்தனை ஆழம் தோண்டினாலும் அப்பாவின் ஒரு கேசட் கிடைக்காது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில்தானே அவர் பதிவு செய்வார். நான் எப்போதும் காலை ஷிஃப்ட்டில் இருப்பேன், ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தது சித்தப்பா. உனக்கோ அப்போது நாலைந்து வயது. அந்த டேப்பில் இருந்ததை நினைவு வைத்திருக்கக்கூடியவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அவரையும் உன்னிடமிருந்து எடுத்து வீசியது நான்தான். ஆனால் அவர் எரிந்துபோகவில்லை, ஈசூனில் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சித்தி கதவைத் திறந்து சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். நடந்ததை உனக்கு எழுதிக் கொடுத்துவிடப்போகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "எதுக்கு அண்ணி இப்பப் போய், கல்யாண நேரத்துல. அவன் மனசு ஒடஞ்சிடும். எனக்குப் பழகிப்போச்சு" என்றார். பழகிப்போச்சு என்று அவர் சொன்னபோது சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அவரைக் கேட்டேன், அந்த கேசட்டில் எல்லாம் என்னதான் இருந்தது என்று. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்டி ஒன்றை மைக் மாதிரி பிடித்து, உன் மழலைக் குரலில் சொன்னார். "வணக்கம். செய்திகள் வாசிப்பது கதிர். இன்று காலை அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பா தோசையைக் கருக்கிவிட்டார்." பின்னால் அப்பா சிரித்த சிரிப்பையும் அப்படியே சிரித்துக் காட்டினார். கதிர், அது அப்பாவின் சிரிப்பேதான். பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் அவர் அந்தச் சமையலறையில் இருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அன்றைக்கு வராத அழுகையெல்லாம் சேர்த்து. "இன்னும் நெறைய இருக்கு அண்ணி" என்றார். எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். மீதியை முதலில் கேட்கவேண்டியவன் நீ.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும். நிவேதா ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவாள், நான் பார்த்திருக்கிறேன். நீ என் பிள்ளை, உடனே எடுத்து மடிக்கப் போவாய். மடி, பரவாயில்லை. ஆனால் சண்டை வந்தால் அதை அந்த அவசரத்தில் துடைத்துப்போடாதே. கொஞ்சம் கிடக்கட்டும், என்ன நடந்தது என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். தப்பு உன்னுடையது என்றால் உன் பெயரைப் போட்டுச் சொல். எனக்கு அது அறுபத்து மூன்று வயதில், ஒரு மண் குழியில் உட்கார்ந்துதான் வந்தது. உனக்கு முப்பத்தொன்றிலேயே வரட்டும்.

நீ என்மேல் கோபப்படுவாய். படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, உன் கோபத்தை நான் ஒழித்து ஒதுக்க வரமாட்டேன். சோறு மட்டும் மேசையில் இருக்கும். மணமேடையில் யார் நிற்பது என்பதும் உன் முடிவு. சித்தப்பாவிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லை என்பதைச் சித்தியிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

கைப்பையிலிருந்த அழைப்பிதழை இதோடு வைத்திருக்கிறேன். உறையைப் பார். தபாலில் அனுப்புவதற்காக அன்றைக்கு நான் எழுதிய ஈசூன் முகவரியை ஒரே ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன், கோட்டுக்கு அடியில் எழுத்தைப் படிக்கலாம், பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. அதற்கு மேலே இடம் விட்டிருக்கிறேன். அவர் பெயரை நீ உன் கையால் எழுதி, நீயே கொண்டுபோய்க் கொடு.

உன் அம்மா